நீர்வெட்டு முடிந்து பழுப்பு நிறத்தில் வரும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?

வெள்ளவத்தையில் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கும் சகோதரி கேட்டிருப்பது இதுதான்: பிரதான குழாய் திருத்த வேலைக்காகச் சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை நீர்வெட்டு என்று அறிவித்திருக்கிறார்கள். போன தடவை நீர்வெட்டு முடிந்ததும் இரண்டு நாளாகத் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வந்தது, மகனின் வெள்ளைச் சீருடை மஞ்சளாகிப் போனது. வீட்டுக்கார ஐயா, "அது வெறும் துரு, கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்கிறார். கீழ் வீட்டு அக்கா, "ஒரு சொட்டும் வாயில் வைக்காதீர்கள்" என்கிறார். ஐந்து மாதக் குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அந்தத் தண்ணீரில் நோய்க்கிருமி இருக்குமா என்பது மற்றது. வீட்டுக்கார ஐயா முதல் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, இரண்டாவது கேள்விக்கான மருந்தை எடுத்து நீட்டியிருக்கிறார். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், துரு போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான் என்பதால், கொதித்து வற்ற வற்றத் துரு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதேபோல, கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும் தண்ணீரில் கிருமி இல்லை என்றும் எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. நான் நீர் ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை செய்தவன். இப்போது கொழும்பில் தொடர்மாடிகளுக்குத் தாங்கி, குழாய் விடயங்களில் ஆலோசனை சொல்லி வருகிறேன். நீர்வெட்டு நாட்களில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவைதான்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். களனி கங்கையிலிருந்து அம்பத்தலேயில் எடுத்துச் சுத்திகரிக்கும் தண்ணீரும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீரும் அங்கிருந்து புறப்படும்போது தெளிவாகத்தான் புறப்படுகின்றன. வழியில்தான் கதை மாறுகிறது. பழைய கொழும்பின் நிலத்தடியில் ஆங்கிலேயர் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து குழாயின் வாயையே குறுக்கிவிடும். அதோடு தண்ணீரில் மிகச் சிறிதளவில் வரும் இரும்பும் மங்கனீசும் வருடக்கணக்கில் மெல்லிய சேறாக அடியில் படியும். தண்ணீர் தினமும் ஒரே பக்கமாக ஒரே வேகத்தில் ஓடும்வரை அந்தப் படிவு அசையாது. அரிசி கழுவிய தண்ணீரை அசைக்காமல் வைத்தால் மா அடியில் தங்கி மேலே தெளிந்து நிற்பது போல. திருத்த வேலை நாளில் வால்வை மூடுகிறார்கள், குழாய் வடிந்து வெறுமையாகிறது, வேலை முடிந்து திறக்கும்போது தண்ணீர் பாய்ந்து வருகிறது. சில தெருக்களில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவும் ஓடும். அந்த வேகம் படிவைக் கிளப்பிவிடுகிறது. புதிதாகப் போட்ட பொலித்தீன் குழாயோ, உள்ளே சீமெந்துப் பூச்சுள்ள குழாயோ துருப்பிடிக்காது. ஆனால் மேலே எங்கோ பழைய குழாயில் கிளம்பிய சேறு அவற்றின் வழியாகவும் உங்கள் வீட்டுக்கு வரத்தான் செய்யும்.

இந்த இரும்பு உடம்புக்கு என்ன செய்யும்? இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614, லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு வரை அனுமதிக்கிறது. பயந்துவிடாதீர்கள், அந்த எண் நஞ்சின் எல்லை அல்ல. அதற்கு மேல் போனால் துணியிலும் பீங்கானிலும் கறை படியத் தொடங்கும், வாயில் இரும்புச் சுவை தட்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரிலுள்ள இரும்புக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் வைக்கவில்லை. மங்கனீசு அப்படியல்ல. அதே எஸ்.எல்.எஸ். தரத்தில் அதற்கான எல்லை 0.1 மில்லிகிராம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் 0.08 மில்லிகிராம் என்று ஒரு தற்காலிக எல்லையை முன்வைத்தது. அதைக் கணக்கிட்டபோது அவர்கள் மனதில் வைத்திருந்தது உங்கள் வீட்டில் இருப்பது போன்ற, போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளைத்தான். ஆகவே குழந்தை விடயத்தில் கீழ் வீட்டு அக்கா பக்கம்தான் நான். நிறம் முழுதாகப் போகும்வரை அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்காதீர்கள். நீர்வெட்டுக்கு முன்பே பிடித்து வைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கரையுங்கள், அல்லது எஸ்.எல்.எஸ். 894 முத்திரை உள்ள போத்தல் தண்ணீரை வாங்கி, அதையும் கொதிக்க வைத்துக் கொடுங்கள். போன தடவை ஓரிரு நாள் கொடுத்துவிட்டீர்களென்றால் பதற வேண்டாம். அந்த எல்லைகள் அன்றாடம் தொடர்ந்து குடிப்பதை வைத்துப் போட்டவை.

இனிக் கிருமி. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, எங்கே வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் உள்ளேயிருந்து வெளியேதான் கசியும். அழுத்தம் போய்விட்டால் அந்த வெடிப்பே வாசலாகிவிடும். கொழும்பில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே ஒடுங்கிய தெருவுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் போகும் இடங்கள் உண்டு. தாழ்ந்த நிலம், மழை பெய்தால் நிலத்தடி நீர் சட்டென்று மேலே வந்துவிடும். இது போதாதென்று, சில வீடுகளில் மோட்டரைத் தெருக் குழாய் இணைப்பிலேயே பொருத்தி உறிஞ்சுகிறார்கள். தண்ணீர் குறைவாக இருக்கும் நேரத்தில் அந்த மோட்டர் தெருக் குழாயில் வெற்றிடத்தை உண்டாக்கிச் சுற்றியுள்ள அழுக்கையும் இழுத்துவிடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்: மோட்டர் உங்கள் நிலத்தடித் தாங்கியிலிருந்துதான் இறைக்க வேண்டும், தெருக் குழாயிலிருந்து அல்ல. தண்ணீரில் குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள், உண்மை. ஆனால் துரு குளோரினைத் தின்றுவிடும். மிகவும் பழுப்பாக வரும் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் மிஞ்சியிருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் தண்ணீர் திரும்பி வந்த முதல் ஓரிரு நாள், நிறம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிப்பதற்கும் பல் துலக்குவதற்கும் கொதித்தாறிய தண்ணீர்தான். நன்றாகத் தளதளவென்று கொதி வந்தால் போதும், நெடுநேரம் வற்ற வைக்கத் தேவையில்லை. கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். கழுவாத போத்தலில் ஊற்றினால் கொதிக்க வைத்ததன் பயன் அங்கேயே போய்விடும்.

இப்போது உங்கள் சனிக்கிழமைக்கு வருவோம். இதில் பெரும்பாலான வீடுகளில் தவறுவது ஒரே இடத்தில்தான், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேல் தாங்கி உள்ள வீட்டில், தாங்கிக்குள் ஒரு மிதவை வால்வு இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் அது தானாகத் திறக்கும். நீர்வெட்டின்போது நீங்கள் தாங்கித் தண்ணீரைப் பாவிக்கிறீர்கள், மட்டம் இறங்குகிறது, வால்வு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது. நேரம் கெட்ட நேரத்தில் தண்ணீர் வருகிறது. தெருக் குழாயிலிருந்து கிளம்பும் முதல் தண்ணீர், அதாவது இருப்பதிலேயே அழுக்கான தண்ணீர், யாரும் பார்க்காமல் நேரே உங்கள் தாங்கிக்குள் இறங்குகிறது. தெருக் குழாய் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். உங்கள் தாங்கி தெளியாது. அடியில் படிந்த துரு, தாங்கி நிரம்பும் ஒவ்வொரு தடவையும் கலங்கி நாட்கணக்கில் வரும். போன தடவை உங்களுக்கு இரண்டு நாள் நிறம் வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் தாங்கி மூடியைத் திறந்து அடியைப் பார்க்க வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது சிறிய வேலை. நீர்வெட்டு தொடங்குமுன் தாங்கியை நிரப்பிக்கொண்டு, தாங்கிக்குப் போகும் குழாயிலுள்ள வால்வை மூடிவிடுங்கள். எந்த வால்வு என்று தெரியாவிட்டால் வீட்டுக்கார ஐயாவிடம் இன்றே கேளுங்கள், சனிக்கிழமை இரவு டோர்ச் அடித்துத் தேடாதீர்கள். பழைய வால்வுகள் இறுகிப் போயிருக்கும். பலவந்தமாகத் திருகினால் தண்டு முறிந்துவிடும், ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு முன்கூட்டியே இளக்கி வையுங்கள். கீழே நிலத்தடித் தாங்கி இருக்கும் கட்டடமென்றால் மூட வேண்டியது அதற்குப் போகும் வால்வு. கூடவே மோட்டரையும் நிறுத்த வேண்டும், தண்ணீரில்லாமல் ஓடினால் கருகிவிடும். சுடுதண்ணீர் ஹீட்டரின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த குழாய்களை மறக்காமல் மூடுங்கள். நள்ளிரவில் தண்ணீர் வந்து கீழ் வீட்டுக் கூரையில் ஒழுகிய சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பிடித்து வைப்பது? அனர்த்த நிவாரணத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்துக் குறைந்தது 15 லீற்றர் என்று கணக்கு வைப்பார்கள். நான்கு பேருள்ள வீட்டுக்கு 60 லீற்றர். கொமட்டை ஒரு தடவை கழுவவே 6 முதல் 9 லீற்றர் வரை போகும் என்பதால் அதற்குத் தனியாக இரண்டு பெரிய வாளிகள் இருக்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் 20 லீற்றரை மூடியுள்ள பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். குழந்தைக்கான தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் வையுங்கள், மற்றவர்கள் கை வைக்காதபடி. அறிவித்த நேரத்துக்கு வேலை முடியாமல் இழுத்துக்கொண்டு போவதும் நடப்பதுதான், அரை நாளுக்குக் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் இறுக்கமாக மூடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுவது இப்படி வீட்டோரம் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான். முட்டை ஒன்றரை வாரத்துக்குள் நுளம்பாகிவிடும். நீர்வெட்டு முடிந்ததும் மிஞ்சிய வாளிகளைப் பல்கனி மூலையில் மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் திரும்பியதும் முதலில் திறக்க வேண்டியது தாங்கிக்கு முன்னால், மீற்றருக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் குழாய். பல வீடுகளில் முற்றத்துக் குழாயோ கீழ்த்தளத்துக் குழாயோ அப்படி நேர் இணைப்பில் இருக்கும். மெதுவாகத் திறங்கள், காற்று சீறிக்கொண்டு வரும். ஷவர், பில்டர், வாஷிங் மெஷின் வழியாக இந்த முதல் தண்ணீரை விடாதீர்கள், அவற்றின் வலைகளிலும் மெழுகுதிரி போன்ற பீங்கான் வடிகளிலும் துரு போய் அடைத்துக்கொள்ளும். வெள்ளை பேசினில் ஓடவிட்டு நிறத்தைப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியும் தெளியவில்லையா, மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தெருவே கலங்கியிருக்கும்போது உங்கள் குழாயை மணிக்கணக்கில் திறந்து வைப்பதால் பில்தான் ஏறும். முதலில் பிடித்த பழுப்புத் தண்ணீர் கொமட்டுக்கும் தரை கழுவவும் நன்றாக உதவும், வீணாக்காதீர்கள். தெளிந்த பிறகு தாங்கி வால்வைத் திறவுங்கள்.

நிறத்தை நீங்களே ஓரளவு படிக்கலாம். தெளிந்த கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெள்ளைத் தாள் மேல் வைத்து, அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். பால் போல் வெண்மையாக வந்து, குவளையின் அடியிலிருந்து மேல் நோக்கித் தெளிந்துகொண்டே போனால் அது வெறும் காற்றுக் குமிழி, கவலையே வேண்டாம். செம்பழுப்புத் தூள் அடியில் தங்கினால் இரும்பு. கருந்தூள் தங்கி, விரலில் தேய்த்தால் கறுப்பாக இழுபட்டால் மங்கனீசாக இருக்கலாம், குழாயின் தேய்ந்த ரப்பர் வாஷராகவும் இருக்கலாம். அதை வீட்டில் பிரித்தறிவது கடினம். ஒரே ஒரு குழாயில் மட்டும் வந்தால் வாஷரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இன்னொன்று, நம்மூர் சமையலறையிலேயே இருக்கும் சோதனை: அந்தத் தண்ணீரில் பிளேன்டீ ஊற்றிப் பாருங்கள். இரும்பு அதிகமாக இருந்தால் தேயிலையின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து, வழக்கமான செம்மை போய் மை கலந்தது போலக் கருநீலமாக இருளும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் இது காட்டிக்கொடுக்கும். குடிக்கத் தேவையில்லை, பார்த்துவிட்டு ஊற்றிவிடுங்கள்.

மலநாற்றமோ சாக்கடை நாற்றமோ அடித்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தாது. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் பாவிக்கக் கூடாது, குளிக்கவும் கூடாது. உடனே நீர் வழங்கல் சபைக்கும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள். நீர்வெட்டு இல்லாத சாதாரண நாளில் காலையில் முதல் சில விநாடி மட்டும் பழுப்பாக வந்து தெளிந்தால், அது தெருவின் குற்றமல்ல, வீட்டுக்குள் இருக்கும் பழைய ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் ஹீட்டருக்குள் துரு. இவை வீட்டுக்கார ஐயா பணம் போட்டுத் திருத்த வேண்டியவை.

ஏற்கனவே தாங்கிக்குள் துரு இறங்கியிருந்தால் வேறு வழியில்லை, கழுவத்தான் வேண்டும். அடிவாயிலைத் திறந்து வடித்து, சோப்பில்லாமல் தேய்த்துக் கழுவி, நிரப்பியபின் 1000 லீற்றருக்கு ஒரு லீற்றர் என்ற அளவில் வாசனை சேர்க்காத 5 வீத பிளீச் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் அந்த மணம் வரும்வரை திறந்து மூடி, ஓரிரவு விட்டு, முழுதாக வடித்து, மீண்டும் நிரப்புங்கள். அந்த இரவு அந்தத் தண்ணீரை எதற்கும் எடுக்கக் கூடாது. பிளீச்சோடு கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். நிலத்தடித் தாங்கிக்குள் தனியாக ஆளை இறக்காதீர்கள், உள்ளே காற்று கெட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. படிகாரம் போட்டுத் தெளிய வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தூசி அடியில் படியும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டில் அளவு பார்த்துப் போடுவது எளிதல்ல, குழந்தை இருக்கும் வீட்டில் அதை நான் சொல்ல மாட்டேன்.

சீருடைக்கு: தண்ணீர் தெளியும்வரை வெள்ளைத் துணி தோய்க்காதீர்கள். கறை பட்டுவிட்டால் பிளீச் போடுவதுதான் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றும், அதைச் செய்யவே கூடாது. பிளீச் இரும்பை இன்னும் துருவாக்கி நூலிழையில் பிடிக்க வைத்துவிடும். துணி காயுமுன்பே தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து ஒரு மணி நேரம் வைத்து, தெளிந்த தண்ணீரில் அலசுங்கள். போன தடவை மஞ்சளாகிக் காய்ந்துபோன சட்டைக்கும் இதையே இரண்டு மூன்று தடவை செய்து பார்க்கலாம். முழுதாகப் போகுமென்று உறுதி சொல்ல மாட்டேன், வெளிறும்.

திங்கட்கிழமையும் நேர்க் குழாயில் பழுப்பு வந்தால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்துக்கு எடுங்கள். "தண்ணீர் அழுக்காக வருகிறது" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு எதுவும் புரியாது. பில்லிலுள்ள கணக்கிலக்கம், எந்த நேரத்திலிருந்து, தாங்கிக்கு முன்னுள்ள குழாயிலும் வருகிறதா, பக்கத்து வீடுகளிலும் அப்படியா, நாற்றம் உண்டா என்று சொல்லுங்கள். உங்கள் ஒழுங்கையிலேயே நான்கைந்து வீட்டார் தனித்தனியாக எடுத்தால், சிக்கல் ஒரு வீட்டுக் குழாயில் அல்ல என்பது அவர்களுக்கு உடனே விளங்கும். அப்போது தெருவிலுள்ள வெளியேற்று வால்வைத் திறந்து குழாயைக் கழுவிவிடச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நாள் திரும்ப எடுக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.